சிறுமீன் தூண்டிலுக்கு நரம்பு தேர்ந்தெடுத்தல்: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

அல்ட்ராலைட் எனப்படும் மிக இலேசான தூண்டில் கம்பை முதன்முதலாக வாங்குபவர், கம்புக்கும் ரீலுக்கும் நாள்கணக்கில் யோசித்துவிட்டு, நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றை, மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கிச் சுற்றிக்கொள்வதுதான் வழக்கமாக இருக்கிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அறுந்துவிடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் 12 பவுண்டு தங்கூசியை (நைலான் நரம்பை) சுற்றிக்கொண்டு, நாகர்கோவிலுக்குக் கிழக்கே ஒரு தாமரைக் குளத்தின் கரையில் நின்று 2 கிராம் ஜிக்கை (எடைத் தலை கொண்ட தூண்டில் முள்ளை) வீசியபோது, அது கரையை ஒட்டிய கோரைப் புல்லைத் தாண்டுவதற்கே திணறியது. குறை கம்பில் இருக்கிறதோ என்றும் என் கையில் இருக்கிறதோ என்றும் மாற்றி மாற்றி நினைத்து மூன்று வாரங்களைக் கழித்தேன். 4 பவுண்டு நரம்புக்கு மாறிய அன்று, அதே கம்பு அதே ஜிக்கைத் தாமரைத் திட்டின் ஓரம் வரைக்கும் கொண்டுபோய்ப் போட்டது.

இலேசான தூண்டிலில் நரம்பின் முதல் வேலை மீனைத் தாங்குவதன்று. ஒன்றிரண்டு கிராம் எடை இழுக்கும் இழுப்புக்கு இணங்கி, ரீலிலிருந்து தடையில்லாமல் வெளியே போவதுதான். மீனைத் தாங்குகிற வேலையை வளையும் கம்பும், மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக்கும் பகிர்ந்துகொள்ளும். இது மனத்தில் பதிந்துவிட்டால், கடையில் நிற்கும்போது பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எந்த மீன், எந்தக் கம்பு

வாணலியில் முழுதாக அடங்கும் அளவுள்ள மீன்களை அமெரிக்கர்கள் ‘பான்ஃபிஷ்’ என்கிறார்கள். அங்கே அது புளூகில், கிராப்பி, மஞ்சள் பெர்ச் போன்ற நன்னீர் மீன்களைக் குறிக்கும். அல்ட்ராலைட் கம்புகளும் அவற்றுக்கு வழங்கும் நரம்பு அளவுகளும் பெரும்பாலும் அத்தகைய மீன்களை எண்ணி உருவானவை. நம் குளங்களில் அந்த இடத்தில் இருப்பவை சிலேபியும் பள்ளத்தியும் பனையேறிக் கெண்டையும். ஆறு கடலில் சேரும் பொழிமுகங்களிலும் காயல் ஓரங்களிலும் கரிமீனும் கிழங்கானும். இவற்றில் சிலேபி நம் நாட்டுக்கு 1952இல் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். இன்று அது இல்லாத குளத்தைக் காண்பது அரிது என்பதால், புதிதாகப் பழகுபவரின் முதல் மீனும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். இவை எல்லாமே சிறிய வாயும் கூர்மையான எச்சரிக்கையும் கொண்டவை. கரிமீன் தன் சிறிய வாயால் இரையை மெல்லக் கொறித்துப் பார்க்கும்போது, தடித்த நரம்பில் அந்த அசைவு கைக்கு வந்து சேராது.

முதலில், உங்கள் கம்பின் கைப்பிடிக்குச் சற்று மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அதில் இரண்டு அளவுகள் இருக்கும்: ஒன்று நரம்பின் வலு, மற்றொன்று வீசக்கூடிய எடை. அல்ட்ராலைட் கம்புகளில் நரம்பு பெரும்பாலும் 2 முதல் 6 பவுண்டு என்றும், எடை ஏறக்குறைய 1 முதல் 7 கிராமுக்குள்ளும் இருக்கும். ஒரு பவுண்டு என்பது 0.45 கிலோ என்பதால், 2 பவுண்டு நரம்பு 0.9 கிலோவையும், 4 பவுண்டு 1.8 கிலோவையும், 6 பவுண்டு 2.7 கிலோவையும் தாங்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். எடை அவுன்சில் எழுதப்பட்டிருந்தால், பதினாறில் ஒரு பங்கு அவுன்ஸ் 1.8 கிராம், எட்டில் ஒரு பங்கு 3.5 கிராம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் பவுண்டைவிட மில்லிமீட்டரைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். சாதாரண நைலான் நரம்பில் 2 பவுண்டு ஏறக்குறைய 0.13 மி.மீ., 4 பவுண்டு 0.20, 6 பவுண்டு 0.23, 12 பவுண்டு 0.33 என்ற அளவில் இருக்கும். 0.20க்கும் 0.33க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குச் சிறியதாகத் தெரியலாம். ஆனால் ஒரே பொருளாலான நரம்பு வளைவதற்குக் காட்டும் எதிர்ப்பு அதன் தடிமனின் நான்காம் அடுக்கில் உயர்கிறது என்பதால், 12 பவுண்டு நரம்பு 4 பவுண்டு நரம்பைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு விறைப்பானது. அந்த விறைப்பை 2 கிராம் ஜிக்கால் நிமிர்த்த முடியாது. நான் இழந்த மூன்று வாரங்களுக்குக் காரணம் இதுதான். விலை குறைந்த சில நரம்புகளில் 4 பவுண்டு என்று எழுதிவிட்டு 0.25 மி.மீ. தடிமனில் விற்கிறார்கள், அவை அறுவதில்லை, ஆனால் வீசவும் வருவதில்லை. ஜப்பானிய நரம்புகளில் 1 என்ற எண் 0.165 மி.மீ. தடிமனைக் குறிக்கும்; எண் குறையக் குறைய நரம்பு மெலியும்.

நீரையும் காற்றையும் பாருங்கள்

அடுத்த படி, நீங்கள் மிகுதியாகப் போகப்போகும் நீர்நிலை எது என்று முடிவு செய்வது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே நரம்பைத் தேடுபவர் எந்த இடத்திலும் நிறைவாக மீன் பிடிப்பதில்லை என்பது என் அனுபவம்.

வயல்வெளிக் குளங்களில் தாமரைத் தண்டும் ஆகாயத்தாமரையும்தான் பெரிய தடைகள். சிலேபி தூண்டிலில் பட்டவுடன் தண்டுகளுக்கிடையே புகுந்து சுற்றிக்கொள்ளும். அங்கே 2 பவுண்டு நரம்பு மனவருத்தத்தைத்தான் தரும். 4 பவுண்டு பொருந்தும், தாமரை அடர்ந்த இடத்தில் 6 பவுண்டு வரை போகலாம். அதே குளத்தில் விரால் இருந்து, உங்கள் சிறிய இரையை அது எடுத்துவிட்டால், பல் பட்டு நரம்பு அறுவதற்கு வாய்ப்பு உண்டு. அதற்கு அஞ்சி எப்போதும் தடித்த நரம்பைப் போடுவதைவிட, அவ்வப்போது ஒரு ஜிக்கை இழப்பதே மேல்.

கோதையாற்றின் மேற்பகுதியிலும் குழித்துறைத் தாமிரபரணியின் பாறைப் பகுதிகளிலும், மழை ஓய்ந்து நீர் தெளிந்திருக்கும் மாதங்களில், மெல்லிய நரம்புக்கு உரிய பலன் கண்கூடாகத் தெரியும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நம் மாவட்டத்துக்கு இரண்டுமே உண்டு என்பதால் ஆற்று நீர் ஆண்டின் பல மாதங்கள் கலங்கலாகவே ஓடும். அந்நாள்களில் நரம்பு கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பாறையில் உரசித் தேய்வதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். மணக்குடி, தேங்காப்பட்டணம் போன்ற பொழிமுகங்களில் பாலத் தூண்களிலும் கற்களிலும் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கத்தியைப் போலக் கூர்மையானவை என்பதால், அங்கே முதன்மை நரம்பு எதுவாக இருந்தாலும் கடைசி ஒரு மீட்டருக்குத் தேய்மானம் தாங்கும் நரம்பு வேண்டும்.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆனி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில், தோவாளைப் பக்கத்துக் குளக்கரைகளில் கம்பை நேராகப் பிடித்து நிற்பதே கடினம். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதற்குக் காரணமான அதே காற்று, உங்கள் நரம்பை நீருக்கு மேலே வில்லாக வளைத்துவிடும். நரம்பு வளைந்திருக்கையில் மீன் கொத்துவது தெரியாது. அத்தகைய நாளில் கனமான ஜிக்கைக் கட்டுங்கள், கம்பின் நுனியை நீருக்கு அருகே தாழ்த்துங்கள், எடை குறைந்த பின்னல் நரம்பை வீட்டில் வைத்துவிடுங்கள்.

மூன்று வகை நரம்புகள்

நம் கடலோரத்தில் தங்கூசி என்று சொல்லும் நைலான் ஒற்றை இழை நரம்பையே புதியவருக்கு நான் பரிந்துரைக்கிறேன். இதை விலை குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 1938இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் உலகுக்கு அறிவித்த நைலான், அதற்குமுன் பட்டும் பருத்தியுமாக இருந்த தூண்டில் கயிற்றின் இடத்தைக் காலப்போக்கில் பிடித்துக்கொண்டது. அதன் சிறப்பு மீள்தன்மை. இழுக்கும்போது நீண்டு, விட்டவுடன் பழைய நிலைக்கு வரும் அந்தக் குணம், புதியவர் பதற்றத்தில் கம்பை வெடுக்கென்று இழுக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. கிராப்பி மீனின் வாய்ச்சவ்வு காகிதம் போல எளிதில் கிழியும் என்று அமெரிக்கத் தூண்டில்காரர்கள் சொல்வார்கள். நம் கரிமீனின் உதட்டிலும் சிறிய தூண்டில் முள் ஆழமாகப் பதியாது. நீளாத நரம்பில் இழுத்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும். நைலானின் அடர்த்தி நீரைவிடச் சற்றே மிகுதி, அதாவது 1.14 என்பதால், அது மெல்லத்தான் அமிழும். மிதப்புக் கட்டி மண்புழுவோ மைதா உருண்டையோ போட்டு மீன் பிடிப்பவருக்கு இது மிகவும் வசதி.

இதற்குக் குறைகளும் உண்டு. நைலான் நீரை உறிஞ்சும். உறிஞ்சியபின் அதன் வலு ஓரளவு குறையும். பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் நரம்பின் வலுவை நனைத்த பிறகே அளப்பதற்குக் காரணம் இதுதான். வெயிலில் நைலான் கெடும். சிறிய ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையில்) நெடுநாள் கிடந்தால் அந்தச் சுருள் வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். அல்ட்ராலைட் ரீலின் ஸ்பூல் மிகச் சிறியது என்பதால் இந்தக் கோளாறு நமக்குத்தான் மிகுதி.

ஃபுளோரோகார்பன் என்பது வேறு பொருள். ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் இதைத் தூண்டில் நரம்பாக்கியது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதன் எண் 1.42, நைலானுக்கு 1.5க்கும் மேல், நீருக்கு நெருங்கிய எண் கொண்ட பொருள் நீருக்குள் குறைவாகவே தெரியும். நீரை உறிஞ்சாது, உரசலை நன்கு தாங்கும், அடர்த்தி ஏறக்குறைய 1.78 என்பதால் விரைவாக அமிழும். ஆனால் நைலானைவிட விறைப்பானது என்பதால், ரீல் முழுவதும் இதையே சுற்றிக்கொள்ளும் புதியவர் சுருள்களோடு போராட வேண்டியிருக்கும். இதை நுனி நரம்பாக, அதாவது முள்ளுக்கு முன்னால் சேர்க்கும் சிறு துண்டாக, மட்டும் பயன்படுத்துவதே என் வழக்கம். மிதப்புத் தூண்டிலுக்கு இது வேண்டாம்.

பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு, மிக நுண்ணிய பாலிஎதிலீன் இழைகளைப் பின்னிச் செய்வது. 10 பவுண்டு பிரெய்டு 0.15 மி.மீ. அளவிலேயே இருக்கும், நீரில் மிதக்கும், கிட்டத்தட்ட நீளவே நீளாது. பேச்சிப்பாறை போன்ற பரந்த நீர்ப்பரப்பில் தொலைவுக்கு வீசி, ஆழத்தில் ஜிக்கைத் துள்ளவைப்பவருக்கு இதைப் போன்ற கருவி வேறில்லை. மீனின் மூச்சே கைக்குத் தெரிவதுபோல் இருக்கும். ஆனால் நரம்பு தளர்ந்த நிலையில் சுற்றினால் அடுத்த வீச்சில் முடிச்சு விழும். முதல் ஆறு மாதம் தங்கூசியில் பழகியபிறகு இதற்கு வாருங்கள் என்பதே என் கருத்து.

ஆகவே ஒருவர் என்னிடம் ஒரே ஒரு நரம்பைச் சொல்லுங்கள் என்று கேட்டால், 4 பவுண்டு, 0.18 முதல் 0.20 மி.மீ. தங்கூசி, நிறமற்றது அல்லது வெளிர்ப்பச்சை, 100 மீட்டர் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

கடையில் சோதித்தல்

ஒருமுறை வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் தொங்கிய நரம்பை விலை மலிவு என்று வாங்கி, அன்று மாலையிலேயே மூன்று மீன்களையும் மூன்று ஜிக்குகளையும் இழந்தேன். நரம்பு வாங்கும்போது அது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று பாருங்கள். நிழலில், உறையோடு இருந்தால் நல்லது. நிறம் மஞ்சளித்திருந்தால் வேண்டாம். மணக்குடியில் வள்ளம் வைத்திருக்கும் ஒரு பெரியவர், கடையில் நரம்பின் நுனியை இரு விரல் நகங்களுக்கிடையே வைத்து ஒரு முழம் இழுத்துப் பார்ப்பார். சொரசொரப்போ தடிமன் வேறுபாடோ இருந்தால் நகத்துக்கு உடனே தெரிந்துவிடும். அதன்பின் நுனியில் ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, எச்சிலில் நனைத்து, நிதானமாக இழுப்பார். நல்ல நரம்பு நீண்டு பொறுத்து அறும். கெட்டது நூல் போலப் பட்டென்று போகும். கடைக்காரரின் ஒப்புதலோடு நீங்களும் அதையே செய்யலாம்.

ரீலில் சுற்றுதல்

நரம்பின் நுனியைக் கம்பின் அடி வளையம் வழியாகக் கொண்டுவந்து, ரீலின் வளையக்கம்பியைத் திறந்து, ஸ்பூலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டு, வளையக்கம்பியை மூடுங்கள். வாங்கிய நரம்புச் சுருளை அதன் அச்சிட்ட பக்கம் மேலே தெரியும்படி தரையில் வையுங்கள். நரம்பை இரு விரல்களால் மெல்ல அழுத்திப் பிடித்தபடி பதினைந்து சுற்றுச் சுற்றியபின், பிடியைத் தளர்த்திப் பாருங்கள். நரம்பு தானாக முறுக்கிக்கொண்டால் சுருளைத் திருப்பிப் போடுங்கள்; முறுக்கவில்லை என்றால் அப்படியே தொடருங்கள். இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவிர்ப்பவர்தான் பிறகு மணிக்கணக்கில் சிக்கெடுக்கிறார்.

ஸ்பூலின் விளிம்புக்கு 2 மி.மீ. குறைவாக நிற்கும்வரை சுற்றுங்கள். அதற்குக் குறைந்தால் நரம்பு விளிம்பில் உரசி வீச்சுத் தொலைவு குறையும். மிகுந்தால் கொத்தாக வெளியே குதிக்கும். பிரெய்டு சுற்றுவதாக இருந்தால், அது வழுக்கிச் சுழலாதபடி அடியில் சில மீட்டர் தங்கூசியைச் சுற்றிக்கொள்ளுங்கள். சுருள் பிடித்துப்போன தங்கூசியை, ஸ்பூலோடு சிறிது நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, தென்னை மரத்தில் நுனியைக் கட்டி இருபது மீட்டர் பின்னால் நடந்து மிதமாக இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் நேராகிவிடும்.

முடிச்சு

நரம்பு அறுந்தது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி முடிச்சு அறுந்ததுதான். தங்கூசிக்கு ஒரு முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் அளவுக்குப் பழகிக்கொண்டால் போதும். தூண்டில் முள்ளின் காதுக்குள் நரம்பை நுழைத்து, நுனியை முதன்மை நரம்பின்மீது ஆறு சுற்றுச் சுற்றுங்கள். காதுக்கு அருகே உருவாகியிருக்கும் சிறிய கண்ணி வழியாக நுனியைக் கொண்டுவாருங்கள். அப்போது உருவாகும் பெரிய கண்ணி வழியாக இன்னொரு முறை நுழையுங்கள். இனி நீரிலோ எச்சிலிலோ நனைத்து, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்காக அமரும்படி மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உரசலின் சூடு நைலானை அந்த இடத்திலேயே பலவீனப்படுத்தும். மிஞ்சிய நுனியை 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

பிரெய்டில் இந்த முடிச்சு வழுக்கும். அதற்கு நரம்பை இரட்டையாக மடித்துக் காதுக்குள் நுழைத்து, அந்த மடிப்பிலேயே ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, கண்ணியைத் தூண்டிலின் மேலாக மாட்டி இறுக்கும் பாலோமர் முடிச்சே ஏற்றது. பிரெய்டின் முன்னால் 60 முதல் 100 செ.மீ. வரை 4 அல்லது 6 பவுண்டு ஃபுளோரோகார்பனை நுனி நரம்பாகச் சேருங்கள். பொழிமுகத்தில் சிப்பிக்கு அருகே என்றால் 8 பவுண்டு.

டிராக்கை அளந்து வையுங்கள்

மெல்லிய நரம்பை நம்பலாம் என்று நான் சொல்வதற்கு டிராக்தான் அடிப்படை. நரம்பின் வலுவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இழுப்பு வந்தவுடன் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். 4 பவுண்டுக்கு அது 450 முதல் 600 கிராம். இதற்குத் தராசு வேண்டியதில்லை: அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியை நிரப்பினால் 500 கிராமுக்குச் சற்று மிகும். அதன் கழுத்தில் நரம்பைக் கட்டி, மீனை இழுக்கும் சாய்வில் கம்பைப் பிடித்துத் தூக்குங்கள். புட்டி தரையிலிருந்து எழும்பும் தறுவாயில் ரீல் மெல்லச் சுழன்று நரம்பை விடவேண்டும். 2 பவுண்டு நரம்புக்குப் பாதிப் புட்டி, 6 பவுண்டுக்கு முக்கால் லிட்டர். வீட்டு முற்றத்தில் ஒருமுறை இதைச் செய்து, அந்த இறுக்கத்தைக் கையால் உணர்ந்து வைத்துக்கொண்டால், கரையில் மீன் ஓடும்போது டிராக் குமிழைத் திருகி முறுக்கத் தோன்றாது.

கரைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும்

பல குளங்கள் மீன் வளர்ப்புக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும் என்பதால், நரம்பை நீரில் போடும் முன் குத்தகைதாரரிடமோ ஊராரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் தெப்பக்குளங்களை விட்டுவிடுங்கள். சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் ஆகிய இரண்டும் 2022 முதல் ராம்சர் ஈரநிலங்கள், அதாவது பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் முக்கியமானவையாக அறிவிக்கப்பட்டவை. பறவைகள் நம்பி வாழும் அவ்விடங்களில் தூண்டிலோடு நிற்க வேண்டாம்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி அரை மீட்டரை விரல்களுக்கிடையே ஓட்டிப் பாருங்கள். கீறல் பட்டால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி முடிச்சிடுங்கள். பொழிமுகத்திலிருந்து வந்தால் ரீலையும் நரம்பையும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கம்பை வண்டியிலோ மொட்டைமாடியிலோ வெயிலில் விட்டுவைக்காதீர்கள். வாரம் ஒருமுறை போகிறவர் தங்கூசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

வெட்டிய துண்டுகளைக் கரையில் போடக் கூடாது. நைலான் மட்காது, நீர்க்காகமோ நாரையோ காலில் சுற்றிக்கொண்டால் அதனால் தானாக அவிழ்த்துக்கொள்ள முடியாது. நான் ஒரு சிறிய மூடிப் புட்டியைப் பையிலேயே வைத்திருக்கிறேன். துண்டுகள் அதற்குள் போகும். அது நிறைந்ததும் எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கும் குறைவாக நறுக்கி, பிளாஸ்டிக் கழிவோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.